லூசி கேட்ட சாதாரண ஞாயிறு

தில்லியில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. இந்தி ஆராதனை முடிந்து அந்தச் சபையார் வெளியே வர வர, நாங்கள் உள்ளே போய் உட்காருவோம். துவாரகாவிலிருந்தும் குருகிராமத்திலிருந்தும் மெட்ரோ பிடித்து வருகிறவர்கள் பாதிப் பேர். ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு, கண் எரிய எரிய நேராக வந்து உட்காருகிற நர்சுகளும் உண்டு. இவ்வளவு தூரம் வருவதற்குப் பலருக்கும் ஒரு காரணம்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு கிளமெண்ட் அண்ணாச்சி பிரசங்கம் செய்வார்.

அவர் போதகர் இல்லை. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அதிகாரி. திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் பிறந்து, வேலைக்காகத் தில்லிக்கு வந்து ஜனக்புரியில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர். நல்ல உயரம். மைக்கே வேண்டாத குரல். அவர் பேசும்போது எழுந்து வெளியே போகிற குழந்தைகள்கூட வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருடைய மனைவி லூசி அக்கா மூன்றாம் வரிசையில், ஜன்னலோரம் உட்காருவார். கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை. ஆராதனை முடிந்ததும் மற்றப் பெண்களோடு டீ ஊற்றிக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். சபையில் அவரைப் பற்றி யாருக்கும் இதற்கு மேல் தெரியாது.

வீட்டில் சனிக்கிழமைகளில் நடந்தது வேறு. அக்காவே பிற்பாடு என்னிடம் சொன்னார். அக்கா அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். அண்ணாச்சி பால்கனிக்கும் அடுக்களைக்குமாக நடப்பார்.

"ஏட்டி லூசி, நாளைக்கு இந்த வசனம் குடுத்திருக்காவ. என்ன சொல்லலாம்?"

அக்கா நறுக்குவதை நிறுத்தாமல் யோசிப்பார். பிறகு சொல்லுவார். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும், கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் என்பது வரைக்கும். அண்ணாச்சி அதைக் குறித்துக்கொள்வார். சில நாள் அக்காவே எழுதிக் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அது அண்ணாச்சியின் குரலில் எங்களுக்கு வந்து சேரும். இரண்டு பேருக்கும் இதில் திருட்டு எதுவும் தெரியவில்லை. குடும்பத்தில் ஒருவர் சமைப்பதும் ஒருவர் பரிமாறுவதும் போலத்தான் அது நடந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு இந்த யோசனைகள் கிடைத்த இடம் அவருடைய பள்ளியை ஒட்டிய கன்னியர் மடத்தின் நூலகம். ஆசிரியைகளும் போகலாம், ஆனால் அக்காவைத் தவிர யாரும் போனதில்லை. அங்கே ஒரு அலமாரி முழுக்கப் பெண்கள் எழுதியவை, பெண்களைப் பற்றியவை. கோயில் சுவரோடு ஒட்டிக் கட்டிய சின்ன அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, தனக்கு வந்த ஒரே தரிசனத்தைப் பல வருடம் யோசித்து யோசித்து எழுதிய இங்கிலாந்துப் பெண்ணை அக்கா அங்கேதான் சந்தித்தார். கடவுளை அம்மா என்று எழுதத் துணிந்தவள் அவள். விதவையாகி, கிறிஸ்தவளாகி, எபிரெயமும் கிரேக்கமும் படித்து முழு வேதத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்த நம் நாட்டு அறிஞரையும் அங்கேதான் சந்தித்தார். பள்ளி விட்ட பிறகு அரைமணி, முக்கால்மணி வாசித்துவிட்டுத்தான் அக்கா வீட்டுக்குக் கிளம்புவார்.

அண்ணாச்சியின் பிரசங்கங்களில் இன்றைக்கும் எங்கள் சபையார் பேசிக்கொள்வது ஒன்று உண்டு. எஜமானியம்மாளின் கொடுமை தாங்காமல், வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடிப்போன அடிமைப் பெண்ணைப் பற்றியது. "முற்பிதாக்கள் எல்லாரும் கடவுள்கிட்ட பேசினாங்க. பலிபீடம் கட்டினாங்க. ஆனா வேதத்துலயே முதல்முதலா கடவுளுக்கு ஒரு பேர் வச்சது யாரு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி நிறுத்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "அந்த வேலைக்காரிதான். என்னைப் பார்க்கிறவர்னு பேர் வச்சா. யாரும் பார்க்காத ஒருத்திக்குத்தான் அந்தப் பேர் தோணும்."

அன்று வாசலில் அன்பு அழுதாள். அன்புச்செல்வி முழுப்பெயர். திண்டுக்கல்காரி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அவள் எதிரே நிற்பதையே கவனிக்காத ஒரு டாக்டர், ஊரில் அவள் சம்பளத்தை மட்டும் விசாரிக்கிற அண்ணன்மார் என்று அவளுக்கு ஆயிரம் இருந்தது. அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அது எனக்காகவே சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றாள். பிறகு பக்கத்தில் டீத்தட்டோடு நின்ற லூசி அக்காவைப் பார்த்து, "நீங்க குடுத்து வச்சவங்கக்கா" என்றாள். அக்கா சிரித்தார்.

அதற்குச் சில வருடம் கழித்து அண்ணாச்சிக்குக் குரல் கரகரக்க ஆரம்பித்தது. புகை மூட்டமான நவம்பர் மாதம். தில்லியில் யாருக்குத்தான் தொண்டை சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஹோலி வந்தும் கரகரப்பு போகவில்லை. பரிசோதித்தபோது குரல்வளையில் புற்று என்றார்கள். நல்லவேளை, ஆரம்ப நிலை. அறுவை செய்து ஒரு பக்கக் குரல்நாணை எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் அந்தக் குரல் போய்விட்டது. மிச்சம் இருந்தது, காற்றில் காகிதம் உரசுவது போல ஒரு கிசுகிசுப்பு.

சபையில் அவருக்காக உபவாச ஜெபம் இருந்தோம். சபைச் செயலாளர் கிறிஸ்துதாஸ் வாரம் தவறாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தார். மத்திய அரசில் இருந்து ஓய்வுபெற்றவர், திருச்சிக்காரர், நல்ல மனிதர். எதையும் முன்பு நடந்தபடியே நடத்த வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம். ஒரு நாள் அவர் ஒரு யோசனையோடு போனார்.

"கிளமெண்ட் பிரதர், குரல்தானே போச்சு? மூளை அப்படியேதானே இருக்கு? நீங்க எழுதிக் குடுங்க. நான் நின்னு வாசிக்கிறேன். சபை ஏங்கிப்போய்க் கிடக்கு."

அந்த மாதங்களில் அண்ணாச்சி ஒரு முயற்சி செய்திருந்தார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. லூசி அக்கா பள்ளிக்குப் போன பிறகு, வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தனியாக ஒரு பிரசங்கம் எழுத உட்கார்ந்தார். பல நாள் உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. வசனங்கள் வந்தன, கணீரென்ற சொற்கள் வந்தன, அவற்றை ஒன்றாகச் சேர்க்கிற எண்ணம் மட்டும் வரவில்லை. குரல் போன துக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

"அது நான் எழுதினதில்ல" என்றார் அண்ணாச்சி, அந்தக் கிசுகிசுப்பில்.

கிறிஸ்துதாஸுக்குச் சரியாகக் கேட்கவில்லை. குனிந்தார்.

"பேசினது நான். நினைச்சது அவ." அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

கிறிஸ்துதாஸ் சிரித்தார். பெரிய மனிதர் தாழ்மையாகப் பேசுகிறார் என்று நினைத்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை என்றதும் அவர் சிரிப்பும் நின்றது. லூசி அக்கா காபி டம்ளர்களோடு வந்து வாசல்நிலையில் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"உண்மையா சிஸ்டர்?"

அக்கா காபியை மேஜையில் வைத்தார். "கொஞ்சம் கொஞ்சம் சொல்லுவேன்" என்றார்.

"கொஞ்சம் இல்ல" என்றார் அண்ணாச்சி.

எங்கள் சபையில் பெண்கள் பிரசங்கம் செய்யக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் திருச்சபையில் பெண் போதகர்களே இருக்கிறார்கள். வழக்கம்தான் இல்லை. வருடத்தில் ஒரு நாள் பெண்கள் ஞாயிறு வரும். அன்றைக்குப் பெண்கள் ஒரே நிறத்தில் சேலை கட்டி, பாட்டுப் பாடி, காணிக்கை எடுத்து, சாட்சி சொல்லிவிட்டு இறங்குவார்கள். கிறிஸ்துதாஸ் அடுத்த வாரம் அதைத்தான் கொண்டுவந்தார்.

"சிஸ்டர், வர்ற பெண்கள் ஞாயிறுல நீங்களே பேசிடுங்க. பாஸ்டர் ஐயாவுக்கும் சந்தோஷம்தான்."

"அது வேண்டாங்கய்யா" என்றார் லூசி அக்கா. "இவங்க பேசின நாளு எதுவோ அதக் குடுங்க. சாதாரண ஞாயிறு."

அப்படி அவர் எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை. கமிட்டியில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். போதகர், கொடுத்தால் என்ன என்றார். கொடுத்தார்கள்.

அந்த முதல் பிரசங்கம் நன்றாக இல்லை. நான் அன்று இரண்டாம் வரிசையில் இருந்தேன், அதனால் சொல்கிறேன். அக்கா பீடத்தில் ஏறினார். அது அண்ணாச்சியின் உயரத்துக்குப் பழகிய பீடம். முகம் பாதிதான் தெரிந்தது. வாக்கியங்கள் நல்ல வாக்கியங்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பெரிய குரலை எதிர்பார்த்துக்கொண்டு நின்றது. கேள்வி கேட்டுவிட்டு அக்கா நிறுத்தினார். அண்ணாச்சி அப்படி நிறுத்தினால் நாங்கள் மூச்சைப் பிடிப்போம். அக்கா நிறுத்தியபோது, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எல்லாரும் சங்கடப்பட்டோம். பின்வரிசையில் யாருடைய போனோ அடித்தது. அக்கா சீக்கிரமே முடித்துக்கொண்டு இறங்கினார்.

வெளியே எல்லாரும் "நல்லா இருந்துச்சு சிஸ்டர்" என்றார்கள். சொல்லிவிட்டு வேகமாகச் சமோசா பக்கம் போனார்கள். அண்ணாச்சி கிறிஸ்துதாஸிடம் சொன்னதைக் கேள்விப்பட்டிருந்த ஒன்றிரண்டு பேர், பார்த்தாயா என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெட்ரோவில் திரும்பும்போது மகள் ஜூலியாதான் அதைச் சொன்னாள். தில்லியிலேயே பிறந்தவள், குருகிராமத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது.

"அம்மா, கோபப்படாதே. நீ அப்பாவோட காப்பி மாதிரி பேசினே. அச்சா, அப்பாதான் உன் காப்பின்னு இப்போ தெரியும். ஆனா கேக்கறப்ப அப்படித்தான் இருந்துது."

லூசி அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இத்தனை வருடம் நான் யோசித்தது எல்லாமே இன்னொருவர் வாய்க்காகத்தானா? எனக்கென்று ஒரு வாக்கியம் இருக்கிறதா?

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மடத்து நூலகத்துக்குப் போனார். எத்தனையோ தடவை வாசித்த ஒன்றைத்தான் திரும்ப எடுத்தார். ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன்னால், வட ஆப்பிரிக்காவில், விசுவாசத்தை விடமாட்டேன் என்றதற்காகச் சிறையில் கிடந்த ஒரு இளம்பெண் தன் கையால் எழுதியது. அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. இதற்கு முன்பெல்லாம் அக்கா அதில் பிரசங்கத்துக்கு ஆகிற இடங்களைத் தேடுவார்: தைரியம், கனவு, சாட்சி. அன்றைக்கு எதையும் தேடவில்லை. அந்தப் பெண் சிறையின் இருட்டைச் சொல்கிறாள், வெக்கையைச் சொல்கிறாள், பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாத கவலையைச் சொல்கிறாள். உபதேசம் எதுவும் செய்யவில்லை. தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறாள். அவ்வளவு காலம் தாண்டி அது வந்து சேர்ந்திருக்கிறது.

"அவ யாரு மாதிரியும் எழுதல பாத்துக்கோ" என்றார் அக்கா என்னிடம். "அவ மூச்சு எவ்வளவோ, வாக்கியமும் அவ்வளவுதான்."

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் அக்கா இன்னொரு ஞாயிறு கேட்டார். கிறிஸ்துதாஸ் தயங்கினார். முதல் தடவை நடந்ததை அவரும் பார்த்தவர்தானே. ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை.

இந்தத் தடவை அக்கா பீடத்தில் ஏறவில்லை. முதல் வரிசைக்கு முன்னால், தரையில், வகுப்பில் நிற்பது போல நின்றார். கையடக்க மைக் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார். சிறைப்பட்ட அந்தத் தாயைச் சொன்னார். மெக்சிகோவில், பெரிய கவி என்று பேரெடுத்த ஒரு கன்னியாஸ்திரீ, பெண்ணுக்கும் படிக்க உரிமை உண்டு என்று எழுதிவிட்டுக் கடைசியில் தன் புத்தகங்களை எல்லாம் விட்டுக்கொடுக்க நேர்ந்ததைச் சொன்னார். பிறகு திருநெல்வேலிச் சீமையில் வெயிலில் வீடு வீடாக நடந்து, வெளியே வரமுடியாத பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டிய பெண்களைச் சொன்னார். "அவங்க என்ன சொன்னாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. எத்தனை வீட்டுக்குப் போனாங்கங்கிற கணக்கு மட்டும் இருக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பொம்பள ஒரு கேள்வி கேட்டிருப்பா. அதுக்கு இவ நின்ன நிலையில ஒரு பதில் யோசிச்சிருப்பா. அவ்வளவு யோசனையும் எங்க போச்சு?"

யாரும் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்ட அமைதி இல்லை அது. அவரவர் வீட்டை நினைத்துக்கொண்ட அமைதி.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. "சில வருஷம் முந்தி, கடவுளுக்குப் பேர் வச்ச அடிமைப் பெண்ணைப் பத்தி இந்தச் சபையில கேட்டீங்க. அன்னைக்கு நான் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு" என்றார்.

நான் என்றார். பலருக்கு அது உடனே உறைக்கவில்லை. உறைத்தவர்கள் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவர். தலையை மேலும் கீழும் ஆட்டினார், எல்லாருக்கும் தெரியும்படி, இரண்டு தடவை.

"அவ பேர் வச்சா, சரி. ஆனா வனாந்தரத்துல அவகிட்ட பேசின குரல் திரும்பிப் போகச் சொல்லுது. அடிச்ச வீட்டுக்கே திரும்பிப் போன்னு சொல்லுது. எனக்கு அது புரியல. அன்னைக்கும் புரியல. புரியாததப் பிரசங்கத்துல சொல்லக்கூடாதுன்னு விட்டுட்டேன். இப்போ சொல்லணும்னு தோணுது. எனக்குப் புரியல." அதோடு ஜெபித்து முடித்தார்.

அன்று வெளியே சமோசா ஆறிப்போனது. ஒருவர் பின் ஒருவராக அக்காவிடம் வந்து பேசினார்கள். புரியவில்லை என்று பீடத்திலிருந்து சொல்வதா என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். பீடத்தில் அவர் ஏறவே இல்லையே என்று யாரோ சொன்னார்கள். அன்பு மட்டும் ஓரமாக நின்றாள். கூட்டம் குறைந்ததும் வந்தாள்.

"அன்னைக்கு நான் அண்ணாச்சி கையப் புடிச்சு அழுதேன். நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சிக்கிட்டிருந்தீங்க. ஏன்க்கா சொல்லல?"

"எனக்கு அன்னைக்கு அது பொய்யாத் தெரியல அன்பு."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒரு பொம்பள எனக்காக இதை யோசிச்சான்னு தெரிஞ்சிருந்தா எனக்கு எவ்வளவோ உதவியா இருந்திருக்கும். நீங்க மறைச்சதுல நஷ்டம் உங்களுக்கு மட்டுமில்ல."

அவள் சொன்னது சரி என்று லூசி அக்காவுக்குப் பட்டது. அண்ணாச்சியிடம் வீட்டில் அதைச் சொன்னபோது அவர், "எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கா" என்றார்.

அன்பு சில வாரம் சபைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் போன் செய்தாள். துவாரகாவில் அவளும் இன்னும் மூன்று நர்சுகளும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஃபிளாட் இருந்தது. டியூட்டி இல்லாத மத்தியானங்களில் வந்து, அந்தப் பெண்களைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். "பிரசங்கம் வேண்டாம்க்கா. கதையாச் சொல்லுங்க. நாங்க நடுவுல கேள்வி கேப்போம்."

அக்கா போக ஆரம்பித்தார். பேசுவதற்கு முன்னால் எழுதிக்கொள்கிறார், இப்போது தன் பெயரைப் போட்டு. அதை முதலில் அண்ணாச்சி வாசிக்கிறார். வாசித்துவிட்டு மறுப்புச் சொல்கிறார். கல்யாணமான காலம்தொட்டு அக்கா சொன்ன யோசனைகளில் ஒன்றைக்கூட மறுக்காதவர், இப்போது அந்தக் கிசுகிசுப்புக் குரலில் மல்லுக்கு நிற்கிறார். "இங்க நீ அவசரப்பட்டிருக்க", "அந்தக் கன்னியாஸ்திரீயக் கண்டிச்ச பிஷப்பையும் கொஞ்சம் நியாயமாப் பாரு" என்று. அக்காவுக்கு எரிச்சலாக வருகிறது. பல தடவை அவர் சொல்வது சரியாகவும் இருக்கிறது. எழுதியதை அக்கா வாசிக்க, ஜூலியா போனில் பதிவு செய்துகொள்கிறாள். வேலைக்குப் போகும்போது காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு போகிறாளாம். சபையிலும் வருடத்துக்கு மூன்று நான்கு ஞாயிறு அக்காவுக்கு வருகிறது. அண்ணாச்சியின் காலத்துக் கூட்டம் வருவதில்லை. சிலர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் நானும் அந்த ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். கட்டில்களை ஓரம் தள்ளி, தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏழெட்டு நர்சுகள், ஒருத்தி இன்னும் யூனிஃபார்மில். லூசி அக்கா சிறைப்பட்ட தாயின் கதையை முழுதாகச் சொன்னார். அவளுடைய அப்பா வந்து கெஞ்சுகிறார், அவள் மசியவில்லை. பிள்ளையைக் கேட்டு அனுப்புகிறாள், அப்பா கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் பிள்ளையும் பால்குடியை மறந்துவிட்டது என்று எழுதுகிறாள். தன் மார்புக்கும் வலி வரவில்லை என்று எழுதுகிறாள். பிறகு அவளை மிருகங்களுக்கு முன்னால் நிறுத்திக் கொன்றார்கள்.

யூனிஃபார்மில் இருந்தவள், பிரசவ வார்டில் வேலை செய்கிறவள், கேட்டாள்: "அந்தப் பிள்ள என்னக்கா ஆச்சு?"

"தெரியல" என்றார் லூசி அக்கா. "அதை யாரும் எழுதல."

"ஆம்பளப் பிள்ளையா?"

"ஆமா."

"திடீர்னு பால் நிறுத்தினா கட்டிக்கும். காய்ச்சல் வரும். வலிக்கலன்னு எழுதியிருக்கான்னா, அது அவளுக்கே ஆச்சரியமா இருந்திருக்கு. அதான் எழுதியிருக்கா" என்றாள் அவள்.

"அவ அப்பனும் அம்மையுமா சேர்ந்து அந்தப் பிள்ளைய வளர்த்திருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

"அம்மாவைப் பத்தி அதுகிட்ட என்ன சொல்லியிருப்பாங்க?" என்றாள் அன்பு.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். லூசி அக்கா தான் எழுதிக்கொண்டு வந்ததை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.